பார்வை: தங்கள் 1948ஆம் ஆண்டு அறிக்கை

பெறுநர்: தலைவர், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், வாஷிங்டன்.

பொருள்: பென்சீன் – பாதுகாப்பான அளவு – பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் – விளக்கம் கோருதல் தொடர்பாக.

ஐயா,

கழகத்தைத் தமிழ்நாட்டுக்கு அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. என்ஜின் ஆயில் டப்பாவைக் கையிலெடுக்கும் மெக்கானிக், ஏபிஐ என்ற கழகத்தின் ஆங்கில முதலெழுத்துகளைப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திருகுவார். வேலை முடிந்ததும் கையில் அப்பிய கிரீஸைக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கழுவிக்கொள்வார். அந்தப் பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை பென்சீன் இருக்கலாம் என்பது இந்திய விதி. ஆயிலைப் பற்றிக் கழகம் சொன்னது டப்பாவிலேயே இருக்கிறது. பென்சீனைப் பற்றிச் சொன்னதைத்தான் மனுதாரர் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

1948 செப்டம்பரில் கழகம் ஒரு நச்சியல் அறிக்கை வெளியிட்டது. ஹார்வர்டு பேராசிரியர் பிலிப் டிரிங்கரின் மேற்பார்வையில் தயாரானது. உடம்பு பென்சீனுக்குப் பழகிக்கொள்வதில்லை. தாங்கும் சக்தியும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே முற்றிலும் பாதுகாப்பான அளவு பூஜ்ஜியம்தான் என்பதே பொதுவான கருத்து என்று அதில் கண்டிருக்கிறது. பென்சீனோடு புழங்கியவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வந்த சம்பவங்களும் அதில் உண்டு. எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கம் சொந்தச் செலவில் இவ்வளவு உண்மையை அச்சடித்தது சாதாரண விஷயமல்ல. மனுதாரரின் பாராட்டுகள்.

பிறகு நடந்ததுதான் புரியவில்லை.

1974இல் துருக்கி மருத்துவர் முஸாஃபர் அக்சோய், பென்சீன் கலந்த பசையோடு காலம் தள்ளிய இஸ்தான்புல் செருப்புத் தொழிலாளர்களிடையே ரத்தப் புற்றுநோய் மலிந்திருப்பதை எழுதினார். 1977இல் அமெரிக்காவின் ஓஹையோவிலிருந்து அடுத்த சேதி வந்தது. அங்கே ரப்பரைப் பென்சீனில் கரைத்துப் பிளையோஃபிலிம் என்ற உறைத்தாள் செய்த ஆலைகளில், ரத்தப் புற்றுநோய்ச் சாவுகள் எதிர்பார்க்கத் தக்கதைப்போலக் குறைந்தது ஐந்து மடங்கு. பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா துறை விழித்துக்கொண்டது. காற்றில் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்கு பென்சீன் இருக்கலாம் என்ற வரம்பை ஒன்றாகக் குறைத்து 1978இல் நிரந்தர விதி போட்டது.

கழகமே பூஜ்ஜியம் என்று சொல்லியிருக்க, அரசு ஒரு பங்கு தள்ளுபடியும் தந்தது. மகிழ்ந்திருக்க வேண்டிய கழகம் வழக்குப் போட்டது!

1980 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், விதியைத் தள்ளியது. அபாயம் கணிசமானது என்று முதலில் காட்டு, பிறகு விதி போடு என்றது. கணிசம் என்றால் எவ்வளவு? நீதிபதி ஸ்டீவன்ஸ் ஓர் உதாரணம் சொன்னார். குளோரின் கலந்த தண்ணீரைக் குடித்தால் நூறு கோடியில் ஒரு வாய்ப்பில் புற்றுநோய்ச் சாவு என்றால் அது பொருட்டல்ல. இரண்டு சதவீதம் பென்சீன் உள்ள பெட்ரோல் ஆவியை வழக்கமாகச் சுவாசிப்பதால் ஆயிரத்தில் ஒரு வாய்ப்பில் சாவு வரும் என்றால் பொருட்டுதான். நல்ல உதாரணம். ஆனால் அந்த ஆவியை நாள் முழுக்கச் சுவாசிக்கும் பெட்ரோல் பங்க் ஊழியர்களை ஓஷாவின் விதி முதலிலேயே விலக்கி வைத்திருந்தது. பந்தியில் இலையே கிடைக்காதவனிடம் சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்டதுபோல ஆயிற்று.

தேவையான கணக்குகளைக் காட்டி ஓஷா அதே ஒன்றுக்குத் திரும்பி வந்தபோது 1987 ஆகிவிட்டது. அதுவரை சட்டப்படி பத்து. பென்சீன் கல்லீரலில் சிதைந்து எலும்பு மஜ்ஜையைத் தாக்குவதற்கு மட்டும் எந்த வழக்கறிஞராலும் இடைக்காலத் தடை வாங்க முடியவில்லை.

ஆகவே கழகம் கருணை கூர்ந்து, பூஜ்ஜியம் எந்த ஆண்டு, எந்தக் கூட்டத்தில், யார் முன்மொழிய யார் வழிமொழிய, ஒன்றைவிடப் பெரிதாயிற்று என்பதைத் தெரிவிக்கும்படி மனுதாரர் கேட்டுக்கொள்கிறார். தீர்மான நகலுக்கு உரிய கட்டணம் செலுத்தப்படும்.

இப்படிக்கு,
மனுதாரர்

நகல்: ஓஷா துறை. அமெரிக்க அரசின் சொந்தப் பணியிட நல ஆய்வு நிறுவனமே 0.1 போதும் என்று பரிந்துரைத்தும், 1987இன் ஒன்றை இன்றுவரை பத்திரமாகக் காத்து வருவதால், தகவலுக்காகவும் வழக்கம்போல் நடவடிக்கை எடுக்காமல் இருப்பதற்காகவும்.