சித்தி வீட்டுத் தொட்டில், மகள் வீட்டுத் தொட்டில்

1972இல் கோவில்பட்டியில் என் சித்தி, பிள்ளை பெறாமலேயே பிள்ளை பெற்றவளாகப் படுத்துக் கிடந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் வயிறு திறக்கவில்லை. ஏழெட்டு மாதம் தூத்துக்குடியில் ஓர் உறவுக்காரர் வீட்டில் போய் இருந்துவிட்டு, ஒருநாள் கையில் ஆண் குழந்தையோடு வந்து இறங்கினாள். ஆச்சி அவள் வயிற்றைப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாள். பிரசவ லேகியம் கிண்டினாள். பூண்டுக் குழம்பு வைத்தாள். "பச்ச ஒடம்புக்காரி, வெளிக்காத்து படக் கூடாது" என்று வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். பால் பவுடர் டப்பா அரிசிக் குதிருக்குப் பின்னால் இருந்தது. யாராவது படியேறி வந்தால் புட்டியை என் கையில் திணித்து அடுக்களைக்கு ஓடச் சொல்வார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஆச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். வளைகாப்பு வீட்டில் சித்தியைப் பின் வரிசையில் உட்கார வைத்ததை அவள் கண்ணால் பார்த்தவள். தன் மகளை ஊர் இனி 'மலடி' என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் போராடினாள். அந்த லேகியத்தைச் சித்தி முகம் சுளிக்காமல் தினமும் விழுங்கினாள்.

உறவுக்குள் பிள்ளையைக் கொடுத்து வாங்குவதென்றால் அந்தக் காலத்தில் ஒளிவுமறைவு தேவைப்பட்டதில்லை. பங்காளி மகனைச் சபையில் வைத்துச் சுவீகாரம் எடுப்பார்கள். 1956ஆம் ஆண்டு வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. கணவனை இழந்தவளும் கல்யாணமாகாதவளும்கூடத் தன் பெயரிலேயே எடுக்கலாம் என்றது. பெற்றவர் கையிலிருந்து வளர்ப்பவர் கைக்குப் பிள்ளை மாறினால் போதும், ஹோமம் கட்டாயமில்லை. ஆனால் அந்தச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கு இல்லை. எங்கள் தெருவில் இருந்த கிறிஸ்தவ டீச்சர் ஒரு பெண்ணை எடுத்து வளர்த்தார். 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி அவர் அந்தப் பெண்ணுக்குக் காப்பாளர்தான், தாயாக முடியாது. 'எல்லா மதத்தவரும் தத்தெடுக்கலாம்' என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2014 வரை ஆனது.

சித்தி விஷயத்தில் எந்தச் சட்டமும் நுழையவில்லை. ஏதோ ஒரு மருத்துவமனையில் யாரோ ஒருவர் மூலம் பிள்ளை கைமாறியது. பிறப்புப் பதிவில் நேராகச் சித்தி, சித்தப்பா பெயர் ஏறியது. பெற்றவள் யார், ஏன் கொடுத்தாள், மனசறிந்து கொடுத்தாளா என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அந்தப் பிள்ளைதான் என் தம்பி. அவனுக்கு இருபத்து நாலு வயதில் அது தெரியவந்தது. சித்தப்பா இறந்த பிறகு நிலத்தைப் பங்கு வைக்கும் பேச்சில், பங்காளிகளில் ஒருவர் களத்துமேட்டில் நின்று, "நீ என்ன எங்க ரத்தமால?" என்று கேட்டுவிட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து தம்பி வீடு வீடாகப் போனான். "ஒங்களுக்குத் தெரியுமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான். அத்தைமார்களுக்குத் தெரிந்திருந்தது. பால்காரருக்குத் தெரிந்திருந்தது. அவன் சட்டை தைக்கும் டெய்லருக்குத் தெரிந்திருந்தது. தெருவே வாயைப் பொத்திக்கொண்டு அவனை வளர்த்திருந்தது. பெற்றவள் வேறு என்பதை அவன் தாங்கிக்கொண்டான். தன்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. சித்தியிடம் அவன் பழையபடி பேச வெகு காலம் ஆயிற்று. இன்றைக்கும் டாக்டர், "குடும்பத்துல யாருக்காவது சுகர் உண்டா?" என்று கேட்டால் அவனிடம் பதில் கிடையாது.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் என் மகள். கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளும் மருமகனும் தத்தெடுக்க முடிவு செய்தபோது, மத்திய அரசின் காரா என்ற தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்தார்கள். கல்யாணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் போயிற்று. பிறகு சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டு ஆய்வுக்கு வந்தார். என்னையும் தனியே உட்கார வைத்து, "பாட்டியா நீங்க இதை எப்படிப் பாக்குறீங்கம்மா?" என்று கேட்டார். நான் சித்தி கதையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அப்புறம் காத்திருப்பு. மூன்று வருஷத்துக்கும் மேல். குழந்தைகள் இல்லங்களில் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் தத்துக் கொடுக்கலாம் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட பிள்ளைகள் குறைவு. வரிசையில் நிற்கும் பெற்றோர் அதிகம். மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். இந்தக் காத்திருப்பு கொடுமைதான். இருந்தாலும் அதில் ஒரு பகுதியை நான் மதிக்கிறேன்: பிள்ளையை ஒப்படைக்கும் தாய்க்கு மனசு மாற அறுபது நாள் அவகாசம் தருகிறது சட்டம். தம்பியைப் பெற்றவளுக்கு அப்படி ஒருநாளாவது கிடைத்திருக்குமா என்று நான் நினைக்காத நாளில்லை.

2023இல் தகவல் வந்தது. ஒரு போட்டோ, குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை. ஏழு மாதப் பெண் குழந்தை. சம்மதம் சொல்ல 48 மணி நேரம் தருவார்கள். இவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள். இல்லத்து ஆயா பிள்ளையைக் கொடுக்கும்போது அழுதாள். கூடவே ஒரு நோட்டுத் தாளும் கொடுத்தாள். எத்தனை மணிக்குப் பால், குப்புறப் படுத்தால்தான் தூக்கம், லைட்டை அணைத்தால் அழும் என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தாள். அந்தத் தாள் எங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அதில் இல்லாத ஒன்றை நாங்களாகக் கண்டுபிடித்தோம். முதல் இரவுகளில் வீடு அமைதியாக இருந்தால் பிள்ளை திடுக்கிட்டு விழித்தாள். தொட்டில்கள் வரிசையாகக் கிடக்கும் கூடத்தில், மற்றப் பிள்ளைகளின் சத்தத்தில் தூங்கிப் பழகியவள் அவள். மருமகன் இரவெல்லாம் ரேடியோவை மெல்லிசாக ஓடவிட்டார். தூங்கினாள்.

வாசலில் ஆரத்தி எடுத்தேன், பக்கத்து வீடுகள் எல்லாம் வந்து பார்க்க. ஆனால் பிள்ளையை மடி மாற்றி மடி கொடுக்கவில்லை. கொஞ்ச வாரத்துக்கு அம்மாவும் அப்பாவும் மட்டுமே தூக்க வேண்டும், யார் தன்னவர் என்று பிள்ளைக்குப் பிடிபட வேண்டும் என்று இல்லத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உறவில் சிலருக்கு இது மனத்தாங்கல். என் நாத்தனார், "பெத்தவங்க என்ன ஆளுகன்னாவது கேட்டீங்களா மதினி?" என்றாள். என்ன சாதி என்றுதான் கேட்கிறாள். "அதைச் சொல்லவும் மாட்டாங்க, நாங்க கேக்கவும் மாட்டோம்" என்றேன். அவள் காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இந்தக் கேள்வி 1972லும் இருந்தது. அப்போது பொய் அதை மூடிவைத்திருந்தது. இப்போது முகத்துக்கு நேரே வருகிறது. நேரே வரட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் ஆறவில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தத்தெடுக்கும் தாய்க்குப் பன்னிரண்டு வாரச் சம்பள விடுப்பு கொடுத்தது. குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்றது. விசாரணையும் அவகாசமும் முடிந்து ஒரு பிள்ளை வீடு வந்து சேரும்போது மூன்று மாதம் தாண்டாமல் எப்படி இருக்கும்? மகள் சம்பளமில்லா விடுப்பில்தான் இருந்தாள். ஏழு மாதத்தில் புது முகங்களுக்கு நடுவே வந்த பிள்ளைக்கு அம்மாவின் அருகாமை கூடுதலாகத் தேவை. இதை யாராவது ஒரு பாட்டியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

தத்தெடுப்பு ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். அதற்கு முன் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஆணை வந்த வாரம் தம்பி கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தான். பைலை மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். பதினெட்டு வயதான பிறகு தன் பூர்வீகம் பற்றிப் பிள்ளையே விண்ணப்பித்துக் கேட்கலாம் என்று விதி இருப்பதை மருமகன் சொன்னார். "இவகிட்ட எப்பச் சொல்லுவீங்க?" என்று கேட்டான் தம்பி. "இப்பவே சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா. குளிப்பாட்டும்போது தினமும் சொல்லுவேன்" என்றாள் மகள். தம்பி இன்னொரு தடவை முதலிலிருந்து புரட்டினான்.

வருகிற ஆவணியில் சம்பந்தி வீட்டுக் குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். என் மகன்தான் தாய்மாமன், அவன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். இரண்டு பக்கத்துச் சனமும் கூடும். கூடினால் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய கேலி ஒன்று தவறாமல் வரும்: அழுகிற பிள்ளையிடம், "ஒன்னயத் தவிட்டுக்கில்லா வாங்குனோம்!" என்பார்கள். பிள்ளைகள் தங்காத வீடுகளில், பிறந்ததை இன்னொருவரிடம் கொடுத்துப் படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கும் வழக்கம் இருந்தது. அதன் மிச்சம்தான் இந்தக் கேலி. என்னையும் சொல்லியிருக்கிறார்கள், என் பிள்ளைகளையும் சொல்லியிருக்கிறார்கள். இவளிடம் சொல்லக் கூடாது. போனை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுச் சொல்லிவருகிறேன்.

"அது வெளையாட்டுக்குத்தானே மதினி?" என்றாள் நாத்தனார்.

"வெளையாட்டுக்கும் வேண்டாம்" என்றேன்.