கல்லீரலுக்கு ஏன் இவ்வளவு கொழுப்பு?

? சொட்டு மது தொட்டதில்லை. ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்கிறார்கள். மனைவி சந்தேகமாகப் பார்க்கிறாள். (குரோம்பேட்டை வாசகர்)

உங்கள் கட்சியில் ஆட்கள் ஏராளம். சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னைவாசிகள் 541 பேரைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், மதுவால் அல்லாத இந்தக் கொழுப்பு 32 சதவீதம் பேருக்கு இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கும் மேல். மனைவியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். பிறகு இருவருமாகப் போய்ச் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

? குடல் பாக்டீரியாவுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? (சேலையூர் வாசகி)

ரத்த சம்பந்தம்! கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கத்திலிருந்துதான் வருகிறது. பாக்டீரியா தயாரிக்கும் நல்லதும் கெட்டதும் முதலில் போய்ச் சேரும் இடம் அது. குடல் சுவர் பலவீனமானால் பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் கசிந்து கல்லீரலில் அழற்சியைக் கிளப்பும். தன்னிடம் சேரும் கொழுப்பை வெளியே அனுப்பக் கல்லீரலுக்குக் கோலின் என்ற சத்து வேண்டும். சில பாக்டீரியா முந்திக்கொண்டு அதைத் தின்றுவிடும். நார்ச்சத்தைத் தின்று குடல் சுவரைப் பலப்படுத்தும் நல்லவர்களும் அங்கே உண்டு.

? வயிற்றுக்குள்ளேயே சாராயம் காய்ச்சும் பாக்டீரியா இருக்கிறதாமே? (பல்லாவரம் வாசகர்)

இருக்கிறது. பெயர் கிளெப்சியெல்லா நிமோனியே. மதுவே இல்லாமல், மாவுச்சத்து அதிகமுள்ள உணவைச் சாப்பிட்டதுமே போதையேறிய ஒரு நோயாளியை வைத்துச் சீன ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து 2019இல் எழுதினார்கள். அவர்கள் பார்த்த கொழுப்புக் கல்லீரல்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேரிடம் ஆல்கஹாலை அதிகம் தயாரிக்கும் வகை இருந்தது. அதை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்தது. ஆனால் போதையேறும் அளவுக்குப் போவது மிக அபூர்வம். பெருங்களத்தூரில் ஊதச் சொல்லும் போலீஸ்காரரிடம் இந்தக் கதை எடுபடாது.

? பழைய சோறு சாப்பிட்டால் சரியாகிவிடுமா? (மடிப்பாக்கம் வாசகி)

பழைய சோற்றுக்கு மவுசு கூடியிருப்பது உண்மை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையே அதை ஆராய்ச்சிக்கு எடுத்தது. ஆனால் குடல் நோய்களுக்காக. ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும்; அது குடல் பாக்டீரியாவுக்கு விருந்து. அந்த வகை மாவுச்சத்தைத் தினம் 40 கிராம், நான்கு மாதம் கொடுத்துப் பார்த்த சீன ஆய்வில் (2023) கல்லீரல் கொழுப்பு குறைந்தது. ஆனால் அது மக்காச்சோளத்தில் எடுத்தது. ஒரு கிண்ணம் பழைய சோற்றில் அவ்வளவு கிடைக்காது. சாப்பிடுங்கள், ஒரு கிண்ணத்தோடு. தொட்டுக்கொள்ளும் வற்றலும் அப்பளமும் தனிக் கணக்கு.

? கீழாநெல்லி? (சானடோரியம் வாசகர்)

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988இல் ‘லான்செட்’ இதழில் எழுதி அதை உலகப் புகழ் ஆக்கியது. அது ஹெபடைடிஸ் பி கிருமிக்காக. பிறகு வந்த பல ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை. உங்களுக்குக் கிருமி அல்ல, பஜ்ஜி. சித்த வைத்தியம்தான் வேண்டுமென்றால் வாட்ஸ்அப் வைத்தியக் குறிப்பு எதற்கு? தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உங்கள் ஊரில்தானே இருக்கிறது!

? நல்ல பாக்டீரியாவை மாத்திரையாக விழுங்கினால்? (மேடவாக்கம் வாசகர்)

புரோபயாடிக் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. கனடாவில் ஆரோக்கியமானவர்களின் மலத்தையே நோயாளிகளின் குடலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள் (2020). குடல் கசிவு குறைந்தது. கல்லீரல் கொழுப்பு அசையவில்லை. மாத்திரைக் காசில் பயறு வாங்குங்கள்.

? நான் ஒல்லி. எனக்குப் பயமில்லையே? (வண்டலூர் வாசகர்)

மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் செய்து 2010இல் வெளியான ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பருமனே இல்லாதவர்கள். தராசை விடுங்கள், டேப்பை எடுங்கள். இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை.

? சுருக்கமாக, என்னதான் செய்வது? (கிழக்குத் தாம்பரம் வாசகி)

அதிக எடை உள்ளவர்கள் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரல் அழற்சியும் தணியும். 80 கிலோ என்றால் 6 முதல் 8 கிலோ. பாட்டில் பானங்களுக்கும் பேக்கரிக்கும் விடை கொடுங்கள்; கீரை, சுண்டல், கொள்ளுக்கு இடம் கொடுங்கள். தினம் நடங்கள். டாக்டர் சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போங்கள். பாக்டீரியா மேல் வழக்குப் போடுவது சுலபம். ஆனால் அதற்கு மூன்று வேளையும் சாப்பாடு போடுவது நாம்தான்.