துரைமாரைத் தோற்கடித்த புழுங்கல் அரிசி

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று ஏதாவது பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் சுங்கை வேயில் ஐம்பதைத் தாண்டியவர் வீட்டு ஐஸ்பெட்டிக்கு மேலே இந்தப் பட்டதாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பட்டத்துக்கு அர்த்தம் இதுதான்: சம்பளத்தை மொத்தமாகப் பெண்டாட்டி கையில் கொடுக்காமல் தவணை தவணையாக அவிழ்க்கும் புருஷன் மாதிரி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

இதை முதலில் கடைக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள், வருஷம் 1952, சரக்கின் பெயர் ஸ்பான்ஸ்யூல் என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்த முதல் ஸ்பான்ஸ்யூலுக்குள் என்ன இருந்தது தெரியுமா? டெக்ஸெட்ரின். பசியை அடக்கவும் எழுதிக்கொடுத்த மருந்து! நான் சொல்லப்போவதோ பசிக்குச் சாப்பிட்ட மருந்தின் கதை. அது அதற்கு அரை நூற்றாண்டு முன்னால், நம் கோலாலம்பூரில் நடந்தது.

1900 வாக்கில் மலாயாவை ஆட்டிப்படைத்த நோய் பெரிபெரி. கால் மரத்துப் போகும், வீங்கும், ஒருநாள் இருதயம் வேலையை ராஜினாமா செய்துவிடும். ஈயலம்பத்துச் சீனத் தொழிலாளிகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். வெள்ளைக்காரன் கவலைப்பட்டான். மனிதாபிமானம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். ஈயம் தோண்ட ஆள் வேண்டும்.

உடனே கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் முளைத்தது. முதல் தலைவர் டாக்டர் ஹாமில்டன் ரைட். அது கிருமிகளின் பொற்காலம். பாஸ்டர் ஒன்று பிடித்தார், காக் ஒன்று பிடித்தார். ஆளுக்கொரு கிருமி இல்லாவிட்டால் டாக்டர் உலகத்தில் தலைகாட்ட முடியாது. ரைட் புடு சிறைக் கைதிகளை வைத்துச் சோதனை செய்தார். சாப்பாட்டுக்கும் பெரிபெரிக்கும் சம்பந்தமே இல்லை, கிருமி சிறுகுடலின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது என்று 1902-இல் அறிக்கை எழுதினார். விலாசம் வரைக்கும் எழுதிவிட்டார், ஆள்தான் அகப்படவில்லை. பிறகு அமெரிக்கா திரும்பி, அந்நாட்டின் அபின் கமிஷனர் ஆனார். பிடிபடாத கிருமியை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற அபினைப் பிடிக்கப் போனது புத்திசாலித்தனம்தான்.

கடலுக்கு அந்தப் பக்கம் பத்தாவியாவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டரும் கிருமி வேட்டையில்தான் இருந்தார். அவர் வளர்த்த கோழிகள் கால் துவண்டு விழுந்தன. மனுஷர் மகிழ்ந்துபோனார். கிருமி சிக்கப்போகிறது! அந்த நேரம் பார்த்துக் கோழிகளுக்குக் குணமாகிவிட்டது. விசாரித்தால், ஆஸ்பத்திரிச் சமையற்காரர் மாறியிருக்கிறார். பழையவர் ராணுவ வார்டில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டார். புதியவர் கறார் பேர்வழி. ராணுவத்து அரிசி சிவிலியன் கோழிக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். கோழிகள் தீட்டாத மட்ட அரிசிக்கு வந்தன, எழுந்து நடந்தன. 1929-இல் நோபல் பரிசு ஐக்மனுக்குப் போனது. சமையற்காரரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. சமையற்கட்டுக்கு நோபல் கமிட்டி இன்றுவரை எட்டிப்பார்த்ததில்லை.

இப்போது நம் ஆட்கள் வருகிறார்கள். நெகிரி செம்பிலான் அரசு டாக்டர் பிராட்டன், மைக்ரோஸ்கோப்பை ஓரமாக வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தார். சீனர் தட்டில் சியாமிலிருந்து வந்த, பளபளவென்று தீட்டிய வெள்ளைச் சோறு. நோய். மலாய்க்காரர் தட்டில் அவ்வப்போது வீட்டில் குத்திய அரிசி. நோய் இல்லை. தோட்டத்துத் தமிழர் தட்டில் பழுப்பேறி, ஊறவைத்த நெல்லின் வாடை அடிக்கும் புழுங்கல். அங்கும் பெரிபெரி இல்லை! ஒரே மழை, ஒரே கொசு, ஒரே சர்க்கார். அரிசி மட்டும் வேறு. கண்ணெதிரே இருந்த விடையைக் கண்டுபிடித்துவிட்டு, காரணத்தைக் கோட்டைவிட்டார் பிராட்டன். வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் சேர்கிறது என்றார். பாதி மார்க் கொடுக்கலாம்.

அடுத்தவர் ஃபிளெட்சர். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை ஒரு வார்டு, வெள்ளை அரிசி. இரட்டைப்படை எதிர் வார்டு, புழுங்கல். பக்கத்துக்குச் சுமார் 120 பேர். கட்டடத்தில் தோஷமோ என்று சந்தேகப்பட்டு, நடுவில் வார்டுகளையும் மாற்றிப் பார்த்தார். சம்மதப் படிவம், எத்திக்ஸ் கமிட்டி எதுவும் கிடையாது. ஓராண்டு முடிவில் வெள்ளை அரிசிப் பக்கம் பெரிபெரியில் செத்தவர்கள் 18 பேர். புழுங்கல் பக்கம் ஒருவரும் இல்லை. இந்த இடத்தில் எனக்கும் ஜோக் வரவில்லை.

1907-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் அது வந்தது. பிறகு ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற ஜோடி, காட்டில் ரோடு போட வந்த ஜாவாக்காரர்களிடம் இதையே மறுபடி நிரூபித்து, தீட்டி வெளியே தள்ளுகிற தவிட்டில்தான் மருந்து இருக்கிறது என்று முடித்துவைத்தது. அதற்குப் பிறகுதான் வைட்டமின் என்ற பெயரே பிறந்தது. தவிட்டில் இருந்தவர் பி1.

சரி, புழுங்கலுக்குள் அப்படி என்ன சூட்சுமம்? நெல்லை ஊறப்போடும்போது உமியடித் தவிட்டில் இருக்கும் பி1 தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்ளே நகர்கிறது. அவிக்கும்போது மாவுச்சத்து கூழாகி இறுகி, உள்ளே வந்தவரைப் பிடித்துப் பூட்டுகிறது. காயவைத்ததும் அரிசி கண்ணாடி மாதிரி கெட்டிப்படும். அப்புறம் நீங்கள் தீட்டினாலும் களைந்தாலும் வடித்தாலும் பெரும்பகுதி வெளியே போகாது. மருந்தைச் சுமக்க ஒரு பொருள், மருந்தை உள்ளே ஏற்றுவது, ஏற்றியதைப் பூட்டுவது. மருந்தியல் மாணவர்கள் ஃபீஸ் கட்டிப் படிக்கும் பாடம் இதுவே. மாத்திரைக்குள் இன்றும் சேர்க்கும் ப்ரீஜெலட்டினைஸ்ட் ஸ்டார்ச் வேறொன்றுமில்லை, முன்கூட்டியே வெந்த மாவுதான்.

உடனே மீசையை முறுக்காதீர்கள். எந்தப் பாட்டியும் பி1-ஐ நினைத்து நெல் அவிக்கவில்லை. அவித்தால் உமி சுலபமாகக் கழலும், அரிசி நொறுங்காது, பூச்சி லேசில் அண்டாது, அவ்வளவுதான் கணக்கு. தோட்டத்துத் தமிழரும் ஆராய்ந்து தேர்ந்தெடுத்துச் சாப்பிடவில்லை. நிர்வாகம் கப்பலில் கொண்டுவந்து அளந்து கொடுத்தது, பொங்கித் தின்றார்கள். பெரிபெரியில் தப்பியவர்களை மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் வாரிக்கொண்டு போயின. அதற்கு அரிசியில் மருந்து இல்லை.

பெருமைக்கு வேறு ஆள் வந்தார். ஹூஸன்லாப் என்ற ரசாயனக்காரர், நெல்லை ஊறவைத்து நீராவி கொடுத்துச் சத்தை உள்ளே தள்ளும் முறைக்குப் பேட்டன்ட் வாங்கினார். 1940களில் அது அமெரிக்காவில் ‘கன்வெர்ட்டட் ரைஸ்’ என்று பெட்டியில் ஏறி, ராணுவத்துக்குப் போனது. அவிப்பானைக்கு ஒரு வால்வும் பிரஷர் மீட்டரும் வைத்தால் கண்டுபிடிப்பு, வைக்காவிட்டால் பாட்டி வேலை.

வெள்ளை மோகம் நம்மை விட்டுவிட்டதா? எங்கே! கொஞ்சம் காசு வந்ததும் புழுங்கலை இட்லிக்கு ஒதுக்கிவிட்டு, சியாம் வாசனை அரிசிக்கும் பாஸ்மதிக்கும் மாறினோம். பெரிபெரி வரவில்லை, சர்க்கரை வந்தது.

இன்னொரு வேடிக்கை. பழைய கிள்ளான் சாலையில், எங்கள் சுங்கை வேயில், 1960களிலிருந்து பீர் ஆலை ஓடுகிறது. பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டில் பி1 ஏராளம். ஆனால் ஈஸ்ட்டை வடித்துவிட்டுத்தான் பீரைப் பாட்டிலில் அடைக்கிறார்கள். இன்றைக்கு பி1 குறைந்து டாக்டரிடம் வருபவர்களில் முக்கியமானவர்கள் யார்? மொடாக்குடியர்கள்!

இதற்கிடையில் புழுங்கலுக்குப் பதவி உயர்வு. வெள்ளை அரிசியைவிடப் பொதுவாக மெதுவாகச் செரித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது என்பதால், மலாய்க்காரரும் சீனரும்கூடச் சூப்பர் மார்க்கெட்டில் ‘ஹெர்பா பொன்னி’ என்று மூலிகைப் பெயரில் தேடி வாங்குகிறார்கள். எக்ஸ்.ஆர். மாத்திரைக்கு எக்ஸ்.ஆர். சோறு. இரண்டு தட்டு தின்றால் எந்த எக்ஸ்.ஆரும் காப்பாற்றாது என்பதைப் பாக்கெட்டில் போட மறந்துவிட்டார்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நம் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள்: “எங்க ஊரு அரிசி லா!” கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னியின் பெற்றோரில் ஒருவர் தைவானின் தைச்சுங் 65. இன்னொருவர் மாயாங் எபோஸ் 80. அவர் அசல் மலாயாக்காரர்.