ஜாக்கெட்டுக்குள் காற்று

கேள்வி: டிசம்பரில் டெல்லி போகிறேன். திரும்பி வந்து மாஞ்சோலைக்கும் போக ஆசை. இரண்டுக்கும் லேசான ஒரே ஜாக்கெட் போதுமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக. நம்மூர்க் கடையில் ‘ஜாக்கெட்’ என்றதும் ரவிக்கைத் துணியை எடுத்துப் போட்டால் பதறாமல், ‘குளிருக்கு’ என்று சொல்லுங்கள்! குளிரைத் தடுப்பது துணியின் கனமல்ல, உள்ளே சிக்கி நிற்கும் காற்று. வாத்துத் தூவி அடைத்தது மிக லேசு. மழையில்லாத குளிருக்குச் சுகம். நனைந்தாலோ கட்டிதட்டி, சூட்டை விட்டுவிடும். மணிமுத்தாறுக்கு மேலே, மாஞ்சோலையை அடுத்த ஊத்து, நாலுமுக்கு எல்லாம் தமிழகத்தில் மிக அதிகம் மழை கொட்டும் இடங்களில் சேரும். ஆகவே பாலியஸ்டர் இழை அடைத்ததையே வாங்குங்கள். ஈரத்திலும் ஓரளவு காக்கும். உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட இடமிருக்கட்டும். ஊர் திரும்பியதும் பையில் அமுக்கி வைக்காமல் தொங்கவிடுங்கள். நசுங்கிய இழையில் காற்று தங்காது.