பிடிபட்டவருக்கு பிரமோஷன்

வடசேரி சந்தைக்குப் போய் ரெண்டு தேங்காய் வாங்கி வாடே என்றால் வெயில் என்பான். வட அட்லாண்டிக்கில் நீர்மூழ்கியோடு ரோந்து போகச் சொன்னால் விடிய விடியப் போவான். நாகர்கோவிலில் இப்படி ஒரு மருமகன் இல்லாத வீடு குறைவு. 2005-ல் வந்த 'சைலன்ட் ஹன்டர் 3' விளையாட்டை இன்றும் விடாமல் பிடித்திருக்கும் பக்தர் கூட்டம் உலகம் முழுக்க உண்டு. அவர்கள் கூடினால் முதல் விசாரிப்பு சுகமா என்பதல்ல, "ரியலிசம் எத்தனை சதவீதம்?"

விளையாட்டு இதுதான். நீங்கள் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கியின் கேப்டன். தலைமையகம் கடலில் ஒரு கட்டத்தை ஒதுக்கும். அங்கே போய் 24 மணி நேரம் சுற்ற வேண்டும். கப்பலை மூழ்கடித்தால் புகழ்ப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் நல்ல படகு, தேர்ந்த மாலுமி, நெஞ்சில் பதக்கம். டார்பிடோவின் கோணத்தை நீங்களே கணக்குப் போட்டால், பேட்டரியும் மூச்சுக்காற்றும் தீரட்டும் என்று விட்டால், ரியலிசம் ஏறும், புள்ளியும் ஏறும். டார்பிடோ வெடிக்காமல் போகவும் வசதி உண்டு. அதில் பொய்யில்லை. 1940-ல் நார்வே கடலில் ஜெர்மன் கேப்டன்கள் விட்ட டார்பிடோக்கள் பல, போய் இடித்துவிட்டுச் சும்மா இருந்தன.

ஆனால் நூறு சதவீதக்காரர்கள் ஒரு விஷயத்தில் வாயே திறப்பதில்லை: கக்கூஸ். அசல் படகில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களுக்கு இரண்டு கக்கூஸ். பயணம் தொடங்கும்போது அதில் ஒன்றில் உருளைக்கிழங்கும் டப்பா உணவும் அடைந்து கிடக்கும். ஆழத்தில் போகும்போது தண்ணீர் விடவும் முடியாது. வெளியே கடலின் அழுத்தம் அப்படி. பிற்பாடு ஆழத்திலும் வேலை செய்யும் நவீன கக்கூஸ் கண்டுபிடித்தார்கள். எந்த வால்வை எப்போது திறப்பது என்று தனிப் பயிற்சி வேண்டும். 1945 ஏப்ரல் 14-ல், ஸ்காட்லாந்துக் கரையோரம், யூ-1206 படகில் யாரோ வால்வை மாற்றித் திறந்துவிட்டார்கள். கடல் உள்ளே வந்து பேட்டரியில் விழுந்தது. குளோரின் வாயு கிளம்பியது. படகு மேலே வந்தது, விமானம் பார்த்துவிட்டது. கேப்டனே படகை மூழ்கடித்துவிட்டு இறங்கினார். இந்த ரியலிசத்துக்கு மருமகன் விளையாட்டில் பட்டன் கிடையாது. நேரத்தை 1024 மடங்கு ஓட்டும் பட்டன் மட்டும் உண்டு. பாவம், அசல் மாலுமிக்கு அதுவும் கிடையாது.

சரி, உத்தியோக உயர்வுக்கு வருவோம். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு திரும்பவில்லை. 1941 மார்ச் மாதம் மட்டும் ஹிட்லரின் மூன்று நட்சத்திரக் கேப்டன்கள் போனார்கள். பிரீன் கடலோடு போனார். ஷெப்கே செத்தார். ஷெப்கே செத்த அதே இரவில் ஓட்டோ கிரெட்ச்மர் ஆங்கிலேயர் கையில் அகப்பட்டார். பிடித்த கேப்டன் அவருடைய பைனாகுலரைக் கழற்றி எடுத்துக்கொண்டார். விளையாட்டில் இந்த இடத்தில் திரை கறுத்துப்போகும், உத்தியோகம் முடிந்தது. கிரெட்ச்மருக்கு முடியவில்லை. கனடாவில் முகாம், விடுதலை, 1955-க்குப் பின் மேற்கு ஜெர்மனியின் புதிய கடற்படை, பிறகு நேட்டோவில் பெரிய பதவி. அவரைப் பிடித்த ஆங்கிலேயரோடு சேர்ந்து ஒரே பக்கம் உட்கார்ந்து காபி குடிக்கும் உத்தியோகம்!

இதைக் கேட்டு உலகம் மூக்கில் விரல் வைக்கலாம். நாஞ்சில் நாட்டுக்காரன் வைக்கக் கூடாது. கிரெட்ச்மருக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே நாம் இதைக் குளச்சலில் நடத்திக் காட்டியாயிற்று.

மிளகுக்காக வந்த டச்சுக் கம்பெனிக்கும் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவுக்கும் தகராறு. இலங்கையின் டச்சு கவர்னர் வான் இம்ஹோஃப், படையெடுப்பேன் என்று மிரட்டினார். வா பார்க்கலாம், நானும் ஐரோப்பா மேல் படையெடுக்க யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று ராஜா சொன்னதாகக் கதை. 1741 பிப்ரவரியில் கம்பெனிப் படை குளச்சலில் இறங்கியது. கரையில் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம். கப்பலிலிருந்து பார்த்தவனுக்கு அது துப்பாக்கிப் பட்டாளம். ஆகஸ்டில் ஒரு குண்டு போய் வெடிமருந்துப் பீப்பாயில் விழ, தீ பரவி அரிசி எரிந்தது. பத்தாவியாவில் இருந்த தலைமையகம் ஆள் அனுப்பவில்லை. ஜாவாவில் அதற்கே தலைக்கு மேல் சண்டை. வெளியூரில் மாட்டிக்கொண்ட ஊழியனைக் கம்பெனி கைவிடும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது. சோறில்லாத படை சரணடைந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் டிலனாய். வயது இருபத்தைந்து.

விளையாட்டாக இருந்தால் ஆட்டம் முடிந்தது, மீண்டும் முயல்க. ராஜாவின் கணக்கு வேறு. அவருடைய பேச்சு எந்த ஆவணத்திலும் இல்லை. நம்மூர் வாய்க்கு நானே எழுதிக் கொடுக்கிறேன்:

"கப்பித்தானே, பீரங்கி வாக்கத் தெரியுமா?"

"தெரியும், பொன்னுதம்புரானே."

"பின்ன எதுக்குவே ஜெயில்ல சும்மா கெடந்து சோறு தின்னணும்? நம்ம பயக்களுக்குச் சொல்லிக் குடும்."

சொல்லிக் கொடுத்தார். பட்டாளத்துக்கு ஐரோப்பியப் பயிற்சி, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்ப்படம். கைதி ஆசிரியரானார், ஆசிரியர் படைத்தலைவரானார், கடைசியில் 'வலிய கப்பித்தான்'. 1753-ல் பழைய முதலாளி மாவேலிக்கரையில் புதிய முதலாளியோடு ஒப்பந்தம் போட்டு, இனி உங்கள் விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று கையெழுத்து வைத்தார். ராஜினாமா கடிதமே கொடுக்காதவருக்கு இதைவிடப் பெரிய பழிவாங்கல் உண்டா?

பதவி எல்லாவற்றுக்கும் உதவியதா என்றால், இல்லை. டிலனாயின் நண்பர், நட்டாலம் நீலகண்ட பிள்ளை, அரண்மனை அதிகாரி, 1745-ல் தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுடப்பட்டார். ராஜாவிடம் கப்பித்தானுக்கு இருந்த செல்வாக்கு அதைத் தடுக்கவில்லை. எத்தனை புள்ளி சேர்த்தாலும் வாங்க முடியாதவை உண்டு என்பதையும் ரியலிசத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தக்கலைக்குப் போகும் வழியில் புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் உதயகிரிக் கோட்டை. இன்று வனத்துறையின் பூங்கா; மான் பார்க்க வரும் பிள்ளைகள்தான் அதிகம். உள்ளே கூரையில்லாத ஒரு சிறு கோவில். தரையில் டிலனாயின் கல்லறைக் கல்; கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. ஏறக்குறைய முப்பத்தேழு வருஷம் ராஜாவுக்கு உண்மையாக உழைத்தார், 1777 ஜூன் 1-ல் இறந்தார் என்கிறது. பக்கத்திலேயே மனைவியும் மகனும். செத்தும் அவர் ஸ்கோர் நிற்கவில்லை: அவர் போட்ட திட்டத்தில் எழுந்த நெடுங்கோட்டை, 1789-ல் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்தது.

இந்தக் கதையை விளையாட்டாக எழுதி எந்தக் கம்பெனியிடமாவது கொண்டுபோய்ப் பாருங்கள். முதல் சண்டையிலேயே தோற்ற கதாநாயகன் எதிரியின் தளபதியாகிறான் என்றால், "நம்பும்படி இல்லையே, ரியலிசம் போதாது" என்று திருப்பி அனுப்புவார்கள். டார்பிடோ கோணம் டிகிரி சுத்தமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு, மனிதனுடைய உத்தியோகம் யார் கையில் அகப்பட்டோம், அவருக்கு அந்த நேரம் என்ன தேவை என்பதில்தான் ஓடுகிறது என்பது தெரியாது. அதனால் மருமகனே, உன் விளையாட்டில் 'எதிரியிடம் வேலைக்குச் சேர்' என்று ஒரு பட்டன் வரும்வரை, நூறு சதவீதம் என்று என்னிடம் பீற்றாதே. குளச்சல்காரன் கையில் பேப்பர் கொடுத்தால் அறுபதுக்கு மேல் போட மாட்டான். கக்கூஸ் இல்லாததற்கு அதிலும் பத்து மார்க் குறைப்பான்.