பொருள்: ஒரு கப் சீஸ் தொடர்பாக

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பன்னாட்டு எடை அளவைப் பணியகம்,
செவ்ர், பாரிஸ் அருகில்.

ஐயா / அம்மா,

நான் ஓய்வுபெற்ற கணக்கர். மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா வந்தவன். மனைவி பேரனைப் பார்த்துக்கொள்கிறாள். எனக்குக் காய் நறுக்கும் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை பதவி உயர்வு கிடைத்தது: மக்ரோனி சீஸ். குறிப்பில் 'துருவிய செடார் 2 கப்' என்றிருந்தது.

துருவியே விற்கும் சீஸ் பாக்கெட்டில் 8 அவுன்ஸ் என்று போட்டிருந்தது. மகள் வீட்டு அளவுக் கோப்பையில் 8 அவுன்ஸுக்கும் 1 கப்புக்கும் ஒரே கோடு. ஆகவே ஒரு பாக்கெட் ஒரு கப். இரண்டைக் கொட்டினேன். முப்பது வருடம் வரவு செலவு பார்த்தவன் கணக்கில் பிழை ஏது? ஓவனிலிருந்து வெளிவந்தது மக்ரோனி பதித்த செங்கல். மருமகன் நல்ல பிள்ளை. "பரவாயில்லை மாமா" என்று கத்தியை எடுத்துவந்தார்.

அதற்குப் பிறகுதான் மகள் சொல்கிறாள், அவுன்ஸில் இரண்டு வகையறா உண்டென்று. கோப்பையில் இருப்பது திரவ அவுன்ஸ். பாக்கெட்டில் இருப்பது எடை அவுன்ஸ். பெயர் ஒன்று, உறவு கிடையாது. துருவிய செடார் எடைக்கு 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் இருந்தாலே ஒரு கப் என்பது இங்குள்ள வழக்கமாம். கிரீம் சீஸ் என்றால் 8 அவுன்ஸ் கட்டி ஏறக்குறைய ஒரே கப். அங்கே மட்டும் என் கணக்கு சரி!

வீம்புக்கு ஒரு தராசு வாங்கினேன். மகள் பொலபொலவென்று தூவி நிரப்பிய கப் 90 கிராம். நான் விரலால் அமுக்கி நிரப்பியது 140. மெல்லிய துருவியில் பார்மசானைச் சீவிப் போட்டால் 40கூடத் தேறவில்லை, தும்மினால் பறந்துவிடும். மூன்றும் ஒரு கப். 1896-லேயே ஃபேனி ஃபார்மர் அம்மையார் தம் பாஸ்டன் சமையல் நூலில் கத்தியால் தலைதட்டி அளக்கச் சொல்லிவிட்டார். தலையைத் தட்டலாம், உள்ளே இருக்கும் காற்றை எங்கே தட்டுவது? எங்கள் ஊரில் அரிசிக்குப் படி வைத்திருந்தவர்கள் தேங்காய்த் துருவலைப் படியில் போட்டு நான் பார்த்ததில்லை. அரைமூடி, ஒரு மூடி என்று முடித்துக்கொள்வார்கள்.

சரி, கப்பாவது நிலையாக நிற்கிறதா? அமெரிக்கச் சமையலறையில் சுமார் 237 மில்லிலிட்டர். அதே நாட்டின் ஊட்டச்சத்து அட்டையில் 240. ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200.

தங்களிடம் முறையிடுவதற்குக் காரணம் இருக்கிறது. 1875 மே 20 அன்று மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 17 நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. தாங்களோ பிளாட்டினம்-இரிடியம் கிலோகிராமை மூன்று கண்ணாடிக் கவிப்புகளுக்குள் பூட்டி வளர்த்தவர்கள். நூறு ஆண்டில் அதற்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் பிசகியதும் உலகமே கூடிக் கவலைப்பட்டது. 2019 மே 20 முதல் அதற்கு ஓய்வு கொடுத்து, பிளாங்க் மாறிலியை வேலைக்கு வைத்தார்கள். எனக்கும் என் மகளுக்கும் இடையே இருப்பது 50 கிராம். பத்து லட்சம் மடங்கு! யாரும் கூடவில்லை.

எனவே, ஓய்வுபெற்ற அந்தக் கிலோகிராமுக்குப் பக்கத்தில் துருவிய செடார் ஒரு கப்பை மூல அளவாக வைத்துக் காக்கும்படி வேண்டுகிறேன். துருவியின் கண் எவ்வளவு, விரல் எவ்வளவு அமுக்கலாம் என்பதையும் வரையறுக்க வேண்டும். எலிக்குத் தனி ஏற்பாடு தேவைப்படும். இதெல்லாம் ஆகாதென்றால், சீஸுக்காவது கிராம் போட்டு எழுதச் சொல்லிச் சமையல் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு சுற்றறிக்கை போதும். தராசு இங்கேயும் கடையில் கிடைக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு மாமனார்

இணைப்பு: துருவிய செடார் 1 கப். (தபாலில் குலுங்கி முக்கால் கப்பாக வந்து சேரலாம். 90 கிராம் இருக்கும், நிறுத்துப் பார்த்துக்கொள்ளவும்.)