உட்காரச் சட்டம் உண்டு!

கேள்வி: ஜவுளிக்கடையில் காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பதுக்குத்தான் உட்காருகிறேன். ஸ்டூல் கேட்டால், "கஸ்டமருக்கு மரியாதையா இருக்குமா?" என்கிறார் சூப்பர்வைசர். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கஸ்டமர் சேலையைப் பார்க்க வருகிறார், உங்கள் வீங்கிய காலை அல்ல. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி 2018-லேயே இதை வாங்கிவிட்டார்கள். ஸ்டூலை வாங்கி மூலையில் அடுக்கினால் போதாது, உட்கார விட வேண்டும். தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு எழுதுங்கள். தனியாக எழுதப் பயமா? நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: ஹெல்மெட், கையுறைக்குச் சம்பளத்தில் பிடிக்கலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: கூடாது. 1948-ன் பழைய தொழிற்சாலைகள் சட்டமும் விடவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த, பணியிடப் பாதுகாப்புக்கான புதிய தொகுப்புச் சட்டமும் விடவில்லை.

கேள்வி: பவர் பிரஸ்ஸில் என் தம்பிக்கு இரண்டு விரல் போய்விட்டது. "அவன் கவனமா இல்ல, நஷ்டஈடு கிடையாது" என்கிறார் முதலாளி. (வாசகர், கோவை)

பதில்: தம்பிக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் சிகிச்சையும் ஊனத்துக்கான பணமும் அங்கே கிடைக்கும். இல்லையென்றால் முதலாளிதான் தர வேண்டும். கவனக்குறைவைச் சொல்லிக் கைகழுவ 1923-ன் பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே இடம் தரவில்லை. தம்பி குடித்திருந்தார், தெரிந்தே விதியை மீறினார், மெஷினின் காப்பை வேண்டுமென்றே கழற்றினார் என்று நிரூபித்தால்தான் முதலாளி தப்பலாம். எந்த மனிதனுக்கும் ஒரு நொடி கண் அசரும். அதற்காகத்தானே மெஷினுக்குக் காப்பு! அது இருந்ததா என்று முதலாளியைக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டு செப்டிக் டேங்கில் இறங்க ஒருவர் சம்மதிக்கிறார். அவரே சம்மதித்தால் என்ன தப்பு? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அவர் சம்மதம் உங்களைக் காப்பாற்றாது. பாதுகாப்புக் கருவி எதுவும் தராமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ன் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைக் கழிவை அகற்றும் வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றதென்று இறங்குகிறவர் ஏறுவதில்லை. அவரைத் தூக்க இறங்குகிறவரும் சாகிறார். 14420-க்கு போன் போட்டு, கழிவை உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள். தயவுசெய்து ஆளை இறக்காதீர்கள்.